உங்கள் பிரச்சினையை நாடாளுமன்ற நிலைக்குழுவின் பட்டியலில் ஏற்றுவது எப்படி

மத்திய அமைச்சகங்களின் வேலையை ஆராயும் எம்.பி.க்களின் குழுதான் நிலைக்குழு. அதற்கு மனு அனுப்பும் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், தனி ஆட்கள் என்று நான் பார்த்தவரை பலரும் செய்வது ஒன்றுதான். பிரச்சினை பத்திரிகையில் பெரிதாக அடிபடும் வாரத்தில் பத்துப் பக்கம் எழுதி, குழுத் தலைவர் பெயருக்குப் பதிவுத் தபாலில் போட்டு, நகலைப் பிரதமருக்கும் முதல்வருக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். பதில் வராது. குழு தூங்குகிறது என்று அர்த்தமில்லை. அந்த வருஷத்துக்கு எதை எடுப்பது என்று குழு ஏற்கெனவே தீர்மானித்திருக்கும், இல்லாவிட்டால் அந்த விஷயம் வேறொரு குழுவுக்கு உரியதாக இருக்கும். குழுவுக்குத் தலைவர் எப்படி வருகிறார், வருஷத்தின் தலைப்புகளை யார் எப்போது முடிவு செய்கிறார்கள் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், யாரிடம் எந்த மாதத்தில் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னணி. துறைவாரியான நிலைக்குழுக்கள் 1993 ஏப்ரலில் 17 ஆகத் தொடங்கின, 2004-ல் 24 ஆயின. மத்திய அரசின் ஒவ்வொரு அமைச்சகமும் இந்த 24-ல் ஏதாவது ஒன்றின் கீழ் வரும். ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. 16 குழுக்களை மக்களவைச் செயலகமும் 8 குழுக்களை மாநிலங்களவைச் செயலகமும் நடத்துகின்றன. ஆயுள் ஒரு வருஷம், அது முடிந்ததும் திரும்ப அமைப்பார்கள்.

இதில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 குழு, தலா 21 பேர் என்றால் மக்களவையிலிருந்து 504 இடம். மொத்த உறுப்பினர்கள் 543, அதில் அமைச்சர்களையும் சபாநாயகரையும் கழித்தால் மிச்சமிருப்பவர்களில் அநேகமாக எல்லாருமே ஏதோ ஒரு குழுவில் இருந்தாக வேண்டும். மாநிலங்களவைக்கும் அதே கதைதான், 240 இடம். ஆக உங்கள் தொகுதி எம்.பி. அமைச்சராக இல்லாவிட்டால் அவர் ஏதாவது ஒரு நிலைக்குழுவில் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். எந்தக் குழு என்பது தொகுதியில் பலருக்குத் தெரிவதில்லை, அவரிடம் யாரும் கேட்பதுமில்லை. நாடாளுமன்றத்தின் சன்சத் டாட் இன் தளத்தில் குழுக்கள் பகுதிக்குப் போனால் ஒவ்வொரு குழுவின் உறுப்பினர் பட்டியலும் இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

எந்தக் குழு?

இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பிரச்சினை ஊரில் ஒன்றாகத் தெரியும், டெல்லியில் அது நாலு அமைச்சகத்தில் பிரிந்து கிடக்கும். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவுளித் திட்டங்களும் தொழிலாளர் விஷயமும் தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டுக்கான குழுவுக்குப் போகும், அது மக்களவைச் செயலகத்தின் கீழ் இருக்கிறது. அதே கம்பெனி குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்ற கணக்கில் ஏதாவது திட்டத்தின் பலன் கிடைக்காமல் தவித்தால் அது தொழில் துறைக்கான குழு, மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ். ஏற்றுமதிக் கொள்கை என்றால் வணிகத்துக்கான குழு. வங்கி கடன் தர மறுக்கிறது என்றால் நிதிக் குழு. நாலையும் ஒரே மனுவில் எழுதினால் எந்தக் குழுவின் அதிகாரியும் 'இது நம்முடையது' என்று எடுத்து வைக்க மாட்டார்.

சிவகாசிப் பட்டாசு ஆலை உரிமம், வெடிபொருள் பாதுகாப்பு ஆய்வு என்றால் அதைப் பார்க்கும் பெசோ அமைப்பு வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தில் இருக்கிறது, எனவே வணிகக் குழு. ராமேஸ்வரம் மீனவர் விஷயம் இன்னும் தெளிவான உதாரணம்: படகு, மானியம், குளிர்பதன வசதி எல்லாம் மீன்வளத் துறை, அது வேளாண்மைக் குழுவின் கீழ் வருகிறது, இலங்கைக் கடற்படை கைது செய்வதும் படகுகளைப் பிடித்து வைப்பதும் வெளியுறவுக் குழுவின் விஷயம். ஒரே கரையில் நிற்கும் ஒரே குடும்பத்துக்கு இரண்டு குழு, இரண்டு தலைவர், இரண்டு செயலகப் பிரிவு. தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, உங்கள் பிரச்சினை மாநில அரசின் கையில் இருப்பதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறுதல் இழுத்தடிக்கிறது என்பதற்கு நிலைக்குழுவில் இடமில்லை. மத்திய அரசு சம்பந்தப்பட்ட தனிப்பட்ட குறை என்றால், உதாரணமாக ஒருவருடைய ஓய்வூதியம் நிற்கிறது என்றால், மக்களவையின் மனுக்கள் குழு என்று தனியாக 15 பேர் கொண்ட ஒன்று இருக்கிறது, அதற்கு எழுதுவதே சரி. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தலைவர் எப்படி வருகிறார்

நிலைக்குழு உறுப்பினர்கள் கூடித் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. 16 குழுக்களுக்குச் சபாநாயகரும் 8 குழுக்களுக்கு மாநிலங்களவைத் தலைவரும் உறுப்பினர்களுக்குள்ளிருந்தே ஒருவரை நியமிக்கிறார்கள். விதிப்புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. நடைமுறையில் அதற்கு முன்னால் வாரக்கணக்கில் பேரம் நடக்கும். அவையில் ஒவ்வொரு கட்சிக்கும் இருக்கும் பலத்தை வைத்து எத்தனை தலைவர் பதவி என்று ஒரு கணக்கு, எந்தக் குழு யாருக்கு என்று நாடாளுமன்ற விவகார அமைச்சர் கட்சிகளோடு பேசி முடிப்பது, அப்புறம் கட்சிகள் தங்கள் கொறடா வழியாகப் பெயர் கொடுப்பது. உறுப்பினர்களின் பெயரும் கட்சிகளிடமிருந்துதான் போகிறது. இந்தப் பேச்சு முடியாவிட்டால் குழுவே அமையாது. 2024 ஜூனில் 18-வது மக்களவை கூடியது, நிலைக்குழுக்கள் அமைந்தது செப்டம்பர் கடைசியில். 2019-லும் இப்படித்தான், தேர்தல் முடிந்து செப்டம்பர் வரை ஆனது. அந்த இடைவெளியில் நீங்கள் அனுப்பும் மனுவைப் பார்க்க ஆளே கிடையாது.

2024-ல் கணக்கு இப்படி வந்தது: பாஜகவுக்கு 11, காங்கிரஸுக்கு 4, திரிணமூலுக்கும் திமுகவுக்கும் தலா 2, சமாஜ்வாதி உள்ளிட்ட மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. திமுகவின் இரண்டில் நுகர்வோர் விவகாரம், உணவு, பொது விநியோகக் குழு கனிமொழிக்கும், தொழில் துறைக் குழு திருச்சி சிவாவுக்கும் போனது. எண்ணிக்கையைவிட எந்தக் குழு யார் கையில் என்பதைக் கவனியுங்கள். உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு இந்த நாலையும்தான் கட்சிகள் முதலில் கேட்கும். 2014-க்கு அப்புறம் நிதிக் குழு காங்கிரஸின் வீரப்ப மொய்லியிடமும் வெளியுறவுக் குழு சசி தரூரிடமும் இருந்தன. 2019-ல் இரண்டுமே பாஜகவுக்குப் போயின. 2022-ல் உள்துறைக் குழுவும் தகவல் தொழில்நுட்பக் குழுவும் காங்கிரஸின் கையைவிட்டுப் போயின. 2024-ல் வெளியுறவு திரும்பவும் தரூருக்கு. எதிர்க்கட்சிக்கு இத்தனை முக்கியக் குழு என்று விதி எதுவும் இல்லை, எல்லாம் மரபும் அப்போதைய பலமும்தான். இது சரியில்லை என்பது என் கருத்து. பிரிட்டனின் மக்களவையில் 2010 முதல் பெரும்பாலான தேர்வுக் குழுக்களின் தலைவரை மொத்த அவையும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது, கொறடாவின் தயவு தேவைப்படாத தலைவர் அங்கே சாத்தியமாகிறது.

பொதுக்கணக்குக் குழு இதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. 22 பேர், மக்களவை 15, மாநிலங்களவை 7, அந்தந்த அவை உறுப்பினர்களே விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவரை இங்கேயும் சபாநாயகர்தான் நியமிக்கிறார், ஆனால் 1967-லிருந்து எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரையே நியமிப்பது மரபு. முதலில் வந்தவர் சுதந்திரா கட்சியின் மினூ மசானி, 2024-ல் காங்கிரஸின் கே.சி.வேணுகோபால். அரசின் செலவைச் சோதிக்கிற குழுவுக்கு அரசுத் தரப்பு ஆளே தலைவராக இருக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

ஆனால் தலைவர் நம் பக்கம் என்றால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 ஏப்ரலில் அலைக்கற்றை விவகாரத்தில் பொதுக்கணக்குக் குழுத் தலைவர் முரளி மனோகர் ஜோஷி வரைவு அறிக்கையை முன்வைத்தபோது என்ன ஆனது தெரியுமா? இருந்த 21 உறுப்பினர்களில் 11 பேர் எதிர்த்தார்கள். ஜோஷி கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு எழுந்து போனதும், மற்றவர்கள் சைபுதீன் சோஸைத் தலைவராக்கி உட்காரவைத்து வரைவை நிராகரித்தார்கள். ஜோஷி அதைச் சபாநாயகர் மீரா குமாருக்கு அனுப்பினார், அவர் திருப்பி அனுப்பிவிட்டார். 2021 ஜூலை 28-ம் தேதி இன்னும் எளிதாக முடிந்தது. தரூர் தலைமையிலான தகவல் தொழில்நுட்பக் குழு கூடிய நாள் அது, பெகாசஸ் உளவு விவகாரம் பேசப்படும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. பாஜக உறுப்பினர்கள் அறைக்கு வந்தார்கள், வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கூட்டம் நடக்க மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் வேண்டும், அந்த எண்ணிக்கை வராததால் கூட்டமே இல்லை என்று ஆகிவிட்டது. அதிகாரிகளும் அன்று வரவில்லை.

ஆக தலைவரிடம் மட்டும் போய் நிற்காதீர்கள். குழுவில் ஆளும் தரப்பில் ஒருவர், எதிர்த் தரப்பில் ஒருவர் என்று இரண்டு பேராவது உங்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தால் அது கட்சிச் சண்டையாக மாறும் வாய்ப்பு குறையும். கதவு மூடிய அறை, கேமரா கிடையாது, பேசியது வெளியே போகாது என்பதால் உறுப்பினர்கள் கட்சி நிலைப்பாட்டை விட்டுப் பேசும் இடங்களில் நிலைக்குழுவும் ஒன்று.

பட்டியல் எப்படி உருவாகிறது

குழு அமைந்தபின் நடக்கும் முதல் ஒன்றிரண்டு கூட்டங்களில்தான் அந்த வருஷத்துக்கான தலைப்புகள் முடிவாகும். அதற்கு முன்னால் செயலகத்தில் இருக்கும் அதிகாரிகள் ஒரு குறிப்பு தயார் செய்வார்கள். அமைச்சகம் சொன்ன தலைப்புகள், உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தவை, போன குழு எடுத்து முடிக்காமல் விட்டவை எல்லாம் அதில் இருக்கும். உறுப்பினர்கள் பேசுவார்கள், சேர்ப்பார்கள், நீக்குவார்கள், கடைசியில் பட்டியலை இறுதி செய்யும் பொறுப்பைத் தலைவரிடமே விடுவதும் உண்டு. முடிவான பட்டியல் அவையின் இரண்டாம் பகுதிச் செய்தி அறிக்கையிலும் குழுவின் இணையப் பக்கத்திலும் வந்துவிடும்.

செயலகத்தின் அந்தக் குறிப்புக்குள் உங்கள் தலைப்பு போய்ச் சேர வேண்டும். அதற்கு நேர்வழி உறுப்பினர்தான். ஓர் உறுப்பினர் ஒரு பக்கக் கடிதத்தில் 'இந்தத் தலைப்பைக் குழு எடுக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால் அது குறிப்பில் ஏறும். நீங்கள் நேரே அனுப்பும் தபாலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. காலம் எப்போது என்றால், குழுக்கள் திரும்ப அமைகிற செப்டம்பர், அக்டோபர். அதற்கு ஒரு மாதம் முன்பே கடிதத்தின் வாசகத்தைத் தயார் செய்து வைத்திருங்கள், புதிய உறுப்பினர் பட்டியல் வந்த வாரமே போய்ப் பாருங்கள்.

பட்டியலில் ஏறிவிட்டால் போதுமா? போதாது. பத்துப் பதினைந்து தலைப்புகள் இருக்கும், வருஷம் முடிவதற்குள் அறிக்கையாக வெளிவருவது அதில் சிலதான். எதை முதலில் கூப்பிடுவது, எந்தத் தேதியில் கூட்டம், யாரைச் சாட்சியாக அழைப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் தலைவர் கையில் இருக்கிறது. தலைவரின் உண்மையான பலம் அதுதான், வாக்கு சமமாகப் பிரியும்போது கிடைக்கும் கூடுதல் வாக்கு எப்போதாவதுதான் தேவைப்படும். தலைவரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் 'பட்டியலில் சேருங்கள்' என்பதைவிட 'இதற்குத் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள், அமைச்சகச் செயலாளரோடு தொழிலாளர் தரப்பையும் கேளுங்கள்' என்று கேட்பது பலன் தரும்.

அதோடு, குழு தானாகத் தேர்ந்தெடுக்காத வேலையும் நிறைய வரும். பிப்ரவரியில் பட்ஜெட் போட்டபின் அவைகள் சில வாரம் இடைவேளை விடுவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அந்த நாட்களில் எல்லா நிலைக்குழுவும் தங்கள் துறைகளின் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு அமைச்சகமும் அந்த வருஷச் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, பரிசீலித்து மார்ச்சுக்குள் அறிக்கை தர வேண்டும். அப்போது வேறு எதற்கும் நேரம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் புதுத் தலைப்பு கேட்டு அலைவது வீண். ஆனால் உங்கள் பிரச்சினை பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால், ஒதுக்கீடு குறைந்தது, ஒதுக்கியதும் செலவாகவில்லை என்ற ரகமாக இருந்தால், அதுதான் பொன்னான நேரம். ஜனவரியிலேயே ஒரு பக்கம் கணக்கு எழுதி உறுப்பினரிடம் கொடுங்கள், செயலாளர் எதிரே உட்காரும் நாளில் அவர் கேட்பதற்குக் கேள்வி தயாராக இருக்கும்.

இன்னொன்று மசோதா. சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ ஒரு மசோதாவை அனுப்பினால் குழு அதற்குத்தான் முன்னுரிமை கொடுக்கும், கெடுவும் இருக்கும். 2023 ஆகஸ்டில் மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்கள் உள்துறைக் குழுவுக்கு வந்தன, நவம்பரில் அறிக்கை போனது. அந்த மாதங்களில் அந்தக் குழுவிடம் வேறு எதையும் எதிர்பார்க்க முடிந்திருக்காது. மசோதாக்களை அனுப்புவதே குறைந்துகொண்டு வருகிறது என்பது தனிக் கவலை: நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 15-வது மக்களவைக் காலத்தில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின, 17-வது மக்களவையில் 16 சதவீதம்தான். 2020-ல் வந்த வேளாண் சட்டங்களை எந்தக் குழுவும் பார்க்கவில்லை. விவசாயிகள் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு மேசை கிடைத்திருந்தால் டெல்லி எல்லையில் அவ்வளவு காலம் உட்கார வேண்டியிருந்திருக்குமா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

தலைப்பை எப்படி எழுதுவது

நிலைக்குழு அன்றாட நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்று விதியே சொல்கிறது. வேறொரு நாடாளுமன்றக் குழு எடுத்திருக்கும் விஷயத்தையும் பொதுவாகத் தொடாது. ஆகவே 'எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் இன்ன ரயில் நிற்க வேண்டும்' என்று எழுதினால் முதல் வாசிப்பிலேயே ஒதுக்கிவிடுவார்கள். அதையே 'சிறு நிலையங்களில் ரயில் நிறுத்தங்களை வழங்குவதற்கும் ரத்து செய்வதற்குமான அளவுகோல்கள்' என்று எழுதினால் அது கொள்கை விஷயம், உங்கள் ஊர் அதில் ஓர் உதாரணமாக உள்ளே வந்துவிடும்.

ஒரு நல்ல மாதிரி சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் கனிமொழி தலைமையிலான ஊரக வளர்ச்சிக் குழு 100 நாள் வேலைத் திட்டம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. தலைப்பில் திட்டத்தின் பெயரோடு 'கூலி விகிதங்கள் பற்றிய ஒரு பார்வை' என்பதையும் சேர்த்திருந்தார்கள். திட்டம் முழுவதையும் அலசுகிறோம் என்று பரப்பாமல் கூலி என்ற ஒரு புள்ளியைப் பிடித்ததால், விலைவாசிக்கு ஏற்பக் கூலி உயர வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று அமைச்சகத்தை நேராகக் கேட்க முடிந்தது. உங்கள் தலைப்பும் இப்படி ஒரு திட்டம், அதற்குள் ஒரு கோளாறு என்ற அளவில் இருக்கட்டும்.

தலைப்பை எடுத்தபின் குழு சில சமயம் பொதுமக்களிடம் கருத்து கேட்டு நாளிதழ்களில் அறிவிப்பு கொடுக்கும். கெடு குறைவாக இருக்கும், பல சமயம் 15 நாள்தான். 2024-ல் வக்ஃப் மசோதாவுக்கான கூட்டுக்குழுவும் 15 நாள்தான் கொடுத்தது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ தரச் சொல்வார்கள். தமிழில் எழுதித்தான் உங்களுக்குப் பழக்கம் என்றால் மொழிபெயர்க்க ஒரு ஆளை முன்கூட்டியே பிடித்து வையுங்கள், பதினைந்து நாளில் அதற்கு ஐந்து நாள் போய்விடும். தமிழில் எழுதுகிறவனுக்குத் தன் நாடாளுமன்றத்தின் குழுவோடு பேச இடையில் ஒருவர் தேவைப்படுகிறது என்பது எனக்கு உறுத்துகிறது, மாற வேண்டிய விஷயம் இது.

மனுவில் முதல் பக்கத்தின் முதல் பத்தியிலேயே என்ன மாற்றம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எந்த விதி, எந்தச் சுற்றறிக்கை, எந்தப் பிரிவு என்று குறிப்பிடுங்கள். அதற்குக் கீழே ஆதாரம்: தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில், அமைச்சகம் அவையில் சொன்ன பதில், உங்கள் ஊரில் எண்ணிப் பார்த்த கணக்கு. அமைச்சகத்தின் சொந்த எண்ணை அதற்கு எதிராகவே வைக்க முடிந்தால் அதைவிடப் பலமான ஆதாரம் கிடையாது, ஏனென்றால் உறுப்பினர் அதை அப்படியே செயலாளரிடம் காட்டிக் கேட்கலாம். வரலாறு, முன்னுரை, வணக்கம் எல்லாம் வேண்டாம். நேரில் வந்து சொல்ல விரும்பினால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள், குறிப்பிடாதவர்களை அழைக்க மாட்டார்கள். கொடுத்த மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும் என்பதால் அனுப்பிய பிறகு அதை முகநூலில் போடாதீர்கள், நாடாளுமன்ற உரிமை மீறல் பிரச்சினை வரலாம்.

அறிக்கை வந்த பிறகு

நிலைக்குழு அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது, அறிவுரை என்ற மதிப்புதான். அதனால் பயனில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை, ஏனென்றால் பரிந்துரை வந்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தோம் என்று அரசு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். வேறு எந்த மனுவுக்கும் உங்களுக்கு இப்படி வரிக்கு வரி பதில் கிடைக்காது.

அறிக்கையைத் திறந்ததும் முழுசாகப் படிக்க உட்காராதீர்கள். தடித்த எழுத்தில் இருக்கும் பத்திகள்தான் பரிந்துரைகள், அவற்றை முதலில் பாருங்கள். பின்னால் இணைப்பாகக் கூட்டக் குறிப்புகள் இருக்கும், எந்தெந்த உறுப்பினர் வந்தார், எந்த அதிகாரி வந்தார் என்று அதில் தெரியும். உங்கள் எம்.பி. அந்தக் கூட்டத்துக்குப் போனாரா என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம். உடன்படாத உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்த எதிர்ப்புக் குறிப்புகளும் அறிக்கையோடு வரும். அடுத்த முறை யாரைப் போய்ப் பார்ப்பது என்று அதைப் படித்தாலே தெரிந்துவிடும்.

சில மாதம் கழித்து அதே தலைப்பில் நடவடிக்கை அறிக்கை என்று ஒன்று வரும். அதில் ஐந்து அத்தியாயம். முதலாவது குழுவின் விமர்சனம், இரண்டாவதில் அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள், மூன்றாவதில் அரசின் பதிலைப் பார்த்துக் குழுவே மேற்கொண்டு வலியுறுத்தாமல் விட்டவை, நான்காவதில் அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, ஐந்தாவதில் இறுதிப் பதில் இன்னும் வராதவை. நான் எப்போதும் நான்காவதிலிருந்துதான் தொடங்குவேன். அரசு மறுத்து, குழு மறுபடியும் விடாமல் கேட்கிற விஷயங்கள் அங்கே வரிசையாக இருக்கும், இரண்டு தரப்பின் வாதமும் பக்கத்தில் பக்கத்தில். உங்கள் கோரிக்கை அதில் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து எம்.பி.யிடம் கொடுத்து அவையில் கேள்வியாகப் போடச் சொல்லுங்கள். பரிந்துரைகளின் நிலை பற்றி அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை வைக்க வேண்டும் என்று சபாநாயகரின் உத்தரவு இருக்கிறது, அது வந்ததா என்றும் கேட்கச் சொல்லுங்கள். உங்களுடையது ஐந்தாவது அத்தியாயத்தில் இருந்தால் அடுத்த செப்டம்பரில் புதுக் குழு அமைந்ததும் திரும்பப் போய், போன குழு முடிக்காமல் விட்டது இது என்று பக்க எண்ணோடு உறுப்பினர் கையில் கொடுங்கள்.